நிறம் சொல்பவருக்கு யார் கூலி கொடுக்கிறார்?

கொடகவெல, இறக்குவானை, கஹவத்தைப் பக்கங்களில் நமது மக்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று பெருநாள் வரவேண்டும். அல்லது வீட்டில் ஒரு கலியாணம் வரவேண்டும். இரண்டிலுமே நேரம் குறைவு, கையில் உள்ள பணத்துக்கு ஏற்கனவே பத்துச் செலவுகள் காத்திருக்கும். இந்த அவசரத்தில் எடுக்கப்படும் முடிவு அடுத்த ஐந்தாறு வருடங்களுக்குச் சுவரில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சில வருடங்களுக்கு முன்னர் கொடகவெலயில் வசிக்கும் எனது மச்சான் மகளின் கலியாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்தார். கடையில் வர்ண அட்டையைப் பார்த்து, பெருவிரல் அளவான ஒரு கட்டத்தில் இருந்த இளம் பீச் நிறத்தைத் தெரிவு செய்தார். மெஷினில் கலந்து 40 லீட்டர் வாங்கியாயிற்று. ஹோலும் இரண்டு அறைகளும் முடிந்த பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. வீட்டின் மூன்று பக்கமும் றப்பரும் பாக்கும் நிற்கின்ற காணி அது. ஜன்னல்களால் உள்ளே வருவது இலைகளில் பட்டுத் திரும்பும் பச்சை வெளிச்சம். அட்டையில் பீச் நிறமாக இருந்தது சுவரில் கழுவாத நிறமாகத் தெரிந்தது. “ராத்தா, இது புதுப் பெயின்ட்டா, பழையதா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாராம்.

கலந்த பெயின்ட்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அவர் மீது குறை சொல்ல முடியாது; ஒருவருக்காகக் கலந்த நிறத்தை அவர் வேறு யாருக்கு விற்பார்? பிறகு தெரிந்த ஒருவர் மூலம் ‘கலர் கன்சல்டன்ட்’ என்று ஓர் இளைஞர் வந்தார். கட்டணம் எதுவும் வேண்டாம் என்றார். நன்றாகத்தான் நிறம் சொன்னார். வீடும் அழகானது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு சாமானும் ஒரே கடையின் விலை கூடிய சாமானாக இருந்தது. அந்தக் கடையிலிருந்து அவருக்குத் தரகுப் பணம் போனது கலியாணமெல்லாம் முடிந்த பின்னரே தெரியவந்தது. மச்சான் சொன்ன வார்த்தை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது: “கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன். ஏன் ஒளிச்சார்?”

இந்தக் கேள்விதான் இவ்வாரப் பாடம். வர்ண ஆலோசகர் ஒருவரை அமர்த்துவது நல்லதா, கெட்டதா என்பதல்ல விடயம். அவருக்கு யார் கூலி கொடுக்கிறார் என்பதை நாம் முதலில் அறிந்திருக்கிறோமா என்பதே விடயம்.

இது புதிய தொழிலா?

‘நிறம் சொல்வதற்கும் ஓர் ஆளா?’ என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இது 90 வருடங்கள் பழைமையான தொழில். அமெரிக்காவில் ஃபேபர் பிரென் என்பவர் 1930களிலேயே இதைத் தனித் தொழிலாக ஆரம்பித்துவிட்டார். இறைச்சி வியாபாரி ஒருவரின் கடையில் சுவர்கள் பளிச்சென்ற வெள்ளையாக இருந்ததால் இறைச்சி வெளிறித் தெரிந்ததாகவும், பிரென் சுவரை நீலம் கலந்த பச்சைக்கு மாற்றச் சொன்னதும் அதே இறைச்சி நல்ல சிவப்பாகத் தெரிந்து வியாபாரம் கூடியதாகவும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். சுவரின் நிறம் சுவரோடு நின்றுவிடுவதில்லை, பக்கத்தில் உள்ள பொருளின் நிறத்தையும் மாற்றிக் காட்டும் என்பதே அதன் கருத்து. வர்ண ஆலோசகர்களுக்கான சர்வதேசச் சங்கம் ஒன்று 1957இல் நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் ஆரம்பிக்கப்பட்டது.

நமது நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கொழும்பு புறக்கோட்டையில் 1908ஆம் ஆண்டு வேலை தொடங்கி 1909இல் நிறைவடைந்த சம்மாங்கோட்டுப் பள்ளியை, அதாவது ஜாமிஉல் அழ்ஃபர் பள்ளிவாசலை, எத்தனை இலட்சம் கட்டடங்களுக்கு மத்தியிலும் நாம் அடையாளம் காண்கிறோம். ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை என்பவரே அதை வடிவமைத்தார். அவர் கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. ஆனாலும் சிவப்பையும் வெள்ளையையும் கட்டி முடித்த பிறகு யோசிக்கவில்லை. கட்டடத்தோடு சேர்த்தே யோசித்தார். நிறத்தைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாமல் இருப்பதுதான் நாம் அங்கே கற்க வேண்டியது.

ஆலோசகர் செய்யும் வேலை

நல்ல ஆலோசகர் வர்ண அட்டையை விரித்துக்கொண்டு வருபவர் அல்ல. முதலில் வீட்டைப் பார்ப்பவர். எந்த ஜன்னல் எந்தத் திசைக்கு, வெளியே என்ன நிற்கிறது, இரவில் என்ன பல்ப் எரிகிறது, தரையின் நிறம் என்ன, கதவும் தளபாடமும் எந்த மரம் என்பவற்றை எல்லாம் குறித்துக்கொள்வார். ஏனெனில் தரையையும் மரத்தையும் நாம் மாற்றப் போவதில்லை. மாற்றக்கூடிய ஒன்றை மாற்ற முடியாதவற்றோடு பொருத்துவதே அவரது வேலை.

நிறம் வெளிச்சத்தில் இருக்கிறது. ஒரே சுவர் காலை வெயிலில் ஒன்றாகவும் மழை இருட்டில் வேறாகவும் மஞ்சள் பல்பில் மூன்றாவதாகவும் தெரியும். அதோடு, அட்டையில் சிறு கட்டமாக மென்மையாகத் தெரியும் நிறம், நான்கு சுவரிலும் பரவியதும் கடுமையாகத் தெரியும். நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் தெறிக்கச் செய்வதே அதற்குக் காரணம். ஆகவே மனதுக்குப் பிடித்த நிறத்திலிருந்து ஒரு படி வெளிறியதைத் தெரிவு செய்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஒவ்வொரு நிறமும் தன்மீது விழும் வெளிச்சத்தில் எத்தனை வீதத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கும் ஓர் இலக்கம் உண்டு. நல்ல வெள்ளை 80க்கு மேல் தரும், கறுப்பு 5 அளவில் நிற்கும். பல கம்பனிகள் இந்த இலக்கத்தைத் தமது வர்ணப் பட்டியலிலேயே குறிப்பிடுகின்றன. மரநிழலில் உள்ள நமது வீடுகளில் 40க்குக் கீழே உள்ள நிறத்தை அறை முழுவதும் அடித்தால் பகலிலேயே பல்ப் போடவேண்டி வரும். மின்சாரப் பட்டியலும் இந்த ஆலோசனைக்குள் அடங்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

நிறத்துக்கு அடுத்தது பளபளப்பு. பளபளப்பில்லாத மெட் பூச்சு சுவரின் மேடு பள்ளங்களை மறைக்கும். ஆனால் பிள்ளைகளின் கைரேகையைத் துடைத்தால் அடையாளம் நிற்கும். மினுமினுப்பான பூச்சைத் துடைக்கலாம். ஆனால் மேசன் பாஸ் விட்ட பிழை எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் துடைக்கக்கூடியது, விருந்தினர் அறைக்கும் சீலிங்குக்கும் மெட் என்பது பொதுவான விதி.

நமது மழையும் நமது மண்ணும்

கொழும்பு வீட்டுக்குச் சொல்லும் ஆலோசனையை அப்படியே கொடகவெலக்குச் சொல்ல முடியாது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குப் போகும் வீதியில் நாம் இருக்கும் பகுதி மலையும் மழையும் சேர்ந்த இடம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் இடைப்பருவ மழை, மார்ச் ஏப்ரலில் பின்னேர இடிமழை. வெளிச்சுவர் வேலைக்கு ஜனவரி, பெப்ரவரி மாதங்களே ஓரளவு நம்பிக்கையானவை. பெருநாள் எந்த மாதத்தில் வந்தாலும் சுவர் இந்தக் கணக்கைத்தான் பார்க்கும். பெருநாள் மழைக் காலத்தில் வந்தால் உள்ளே மட்டும் அடித்துவிட்டு வெளிச்சுவரை ஜனவரிக்கு விடச் சொல்கின்ற ஆலோசகர் உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

ஈரமான வடக்குப் பக்கச் சுவரில் பாசி பிடிக்கும். அதைக் கழுவி, பாசி கொல்லும் திரவம் அடித்து, காயவிடாமல் மேலே பெயின்ட் அடித்தால் பாசி பெயின்ட்டையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். புதிதாகப் பூசிய சுவரைக் குறைந்தது 4 வாரங்களாவது காயவிட வேண்டும். மழைக்காலமானால் இன்னும் கூட. சீமெந்தின் காரத்தன்மை நிறத்தைத் தின்னும், உப்புப் பூக்கவும் செய்யும். எனவே காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்று தேவை.

செம்மண் இன்னொரு விடயம். கூரையிலிருந்து விழும் மழைநீர் முற்றத்து மண்ணில் பட்டு, சுவரின் அடியில் இரண்டு, மூன்று அடிவரை தெறிக்கும். அந்த உயரத்துக்கு மண் நிறத்திலோ கடும் சாம்பல் நிறத்திலோ ஒரு பட்டை அடிப்பது நமது மூத்தவர்கள் செய்துவந்த வேலை. அதைப் பழைய பாணி என்று விட்டவர்கள் ஒவ்வொரு வருடமும் அடிச்சுவரைக் கழுவுகிறார்கள்.

வெயிலையும் மறக்கக்கூடாது. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெளிச்சுவரில் சீக்கிரம் வெளிறும். இரும்பு ஒட்சைட்டிலிருந்து பெறப்படும் காவி, மண், மங்கிய மஞ்சள் போன்ற நிறங்கள் நின்று பிடிக்கும். கடையில் அழகாக இருக்கும் நிறம் எது என்று கேட்பதைவிட, மூன்று வருடத்தின் பின் அழகாக இருக்கும் நிறம் எது என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

பழைய வீடுகளில் கதவு, ஜன்னல்களைச் சுரண்டும்போது கவனம் வேண்டும். பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விதித்த எல்லை நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி 1ஆம் திகதிதான். அதற்கு முன்னர் அடித்த எனமல் பெயின்ட்டில் ஈயம் கூடுதலாக இருந்திருக்கலாம். காய்ந்தபடி தேய்த்தால் எழும் தூசு சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. ஈரமாக்கித் தேய்க்க வேண்டும், பிள்ளைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் அந்த நாட்களில் வேறிடத்தில் வைக்க வேண்டும். இதைச் சொல்லாத ஆலோசகர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

மூன்று வகை ஆலோசகர்கள்

நமது பிரதேசத்தவருக்குக் கிடைக்கக்கூடிய ஆலோசனையை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பெயின்ட் கம்பனியோ கடையோ தரும் இலவச ஆலோசனை. இது தவறல்ல. கம்பனியின் ஆள் என்பதை அவர் மறைப்பதில்லை. தமது சாமான் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மற்றக் கம்பனியின் சாமான் உங்களுக்குப் பொருத்தமானது என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுவரைத் திருத்தினால் போதும், இவ்வருடம் பெயின்ட் தேவையில்லை என்றும் அநேகமாகச் சொல்லமாட்டார்.

இரண்டாவது, கட்டணம் பெற்று ஆலோசனை மட்டும் தரும் சுயாதீனமானவர். கைக்காசு கொடுப்பது கசக்கும். ஆனால் அவர் உங்கள் ஆள்.

மூன்றாவது, ஆலோசனையும் வேலையும் சேர்த்துக் கொந்தராத்து எடுப்பவர். பொறுப்பு ஒருவரிடம் இருப்பது வசதி. ஆனால் எத்தனை பூச்சு, எந்தத் தரம் என்பதைத் தானே தீர்மானித்து, தானே செய்து, தானே சரி என்று சொல்பவரை வேறு யார் சரிபார்ப்பது? இவரை எடுப்பதானால் எழுத்து அவசியம்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். உட்சுவர் 3,000 சதுர அடி உள்ள வீடு. இரண்டு பூச்சு என்றால் 6,000 சதுர அடி. ஒரு லீட்டர் நடைமுறையில் சுமார் 100 சதுர அடிக்கு ஒரு பூச்சு வரும் என்று வைத்தால் 60 லீட்டர், அதாவது 20 லீட்டர் வாளிகள் மூன்று. அடிப்பூச்சு, வெளிச்சுவர், மரவேலை எல்லாம் சேர்ந்து சாமான் செலவு உதாரணத்துக்கு 2 இலட்சம் ரூபா என்று எடுப்போம். ‘இலவச’ ஆலோசகருக்குக் கடையிலிருந்து நூற்றுக்குப் 10 கிடைத்தால் அது 20,000 ரூபா. அந்தப் பணம் கடைக்காரரின் சட்டைப்பையிலிருந்து வரவில்லை. உங்கள் பற்றுச்சீட்டிலிருந்தே வந்தது. மேலும், 2 இலட்சத்தை 3 இலட்சமாக்கினால் அவருக்கு 30,000. சிக்கனமாக எழுதினால் அவருக்கு நட்டம். அதே 20,000 ரூபாவை நீங்களே கட்டணமாகக் கொடுத்திருந்தால், உங்கள் செலவைக் குறைப்பதால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. பணம் ஒன்றுதான். அது வரும் பாதைதான் மனிதரை மாற்றுகிறது. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, இறக்குமதி மூலப்பொருட்களில் தங்கியிருக்கும் பெயின்ட்டின் விலை ஏறிய பின்னர் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

ஆலோசனை ஓர் அமானிதம்

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் போதனை. அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. இதைக் கலியாணப் பேச்சுக்கும் குடும்ப விவகாரத்துக்கும் மட்டும் உரியதாக நாம் நினைக்கிறோம். கடை முன்னால் நின்று “எந்தப் பெயின்ட் நல்லம்?” என்று கேட்கும் கேள்வியும் அதற்குள் அடங்கும்.

தரகுக் கூலி ஹராம் என்று இங்கே சொல்லவரவில்லை. இமாம் புகாரி (ரஹ்) தமது கிரந்தத்தில் தரகரின் கூலி பற்றித் தனித் தலைப்பே இட்டு, அதில் குற்றமில்லை எனக் கருதிய முன்னோர்களின் பெயர்களையும் குறிப்பிட்டுள்ளார்கள். வெளிப்படையாகச் சொல்லி வாங்கினால் அது கூலி. ‘நான் உங்களுக்காகவே பேசுகிறேன்’ என்று காட்டிக்கொண்டு மறுபக்கம் ஒளித்து வாங்கினால் அங்கே நம்பிக்கை உடைகிறது. குறிப்பான நிலைமைகளுக்கு மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். வியாபார ஒழுக்கம் என்ற அளவில் ஒரு விதி போதும்: வாங்குபவருக்குத் தெரிந்தால் கோபம் வரும் என்று நீங்கள் மறைக்கின்ற பணம், வாங்கத் தகாத பணம்.

சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். மழைநீர் ஊறிய சுவரைப் பட்டியும் பெயின்ட்டும் கொண்டு மூடிக் கையளிப்பவரும், விற்கப் போகும் வீட்டின் ஈரத்தை நிறத்தால் மறைப்பவரும் அந்தக் குவியலின் முன்னால்தான் நிற்கிறார்கள். ஈரத்தை வாயால் சொல்லிவிட்டால் அது வியாபாரம். நிறத்தால் மூடினால் அது வேறு.

எழுத்தில் இருக்க வேண்டியவை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனத்தில் விரிவாகக் கட்டளையிடுகிறது. ஆனால் ஊரிலே ‘நம்ம ஆள்தானே’ என்று எழுத்தைத் தவிர்த்து, பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முறைப்பாட்டோடு போகிறோம். ஒரு தாளில் பின்வருவன இருந்தால் போதும்.

1. கட்டணம் எவ்வளவு, போக்குவரத்துச் செலவு யாருடையது. எத்தனை தடவை வீட்டுக்கு வருவார். குறைந்தது இரண்டு தடவை வேண்டும்: ஒன்று பார்ப்பதற்கு, மற்றது மாதிரிப் பூச்சைப் பார்த்து முடிவு செய்வதற்கு.

2. கடையிலிருந்தோ கம்பனியிலிருந்தோ பாஸிடமிருந்தோ அவருக்கு ஏதும் கிடைக்குமா. கிடைக்குமானால் எவ்வளவு. ‘இல்லை’ என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

3. அறை அறையாக ஒரு பட்டியல்: கம்பனி, நிறத்தின் பெயரும் இலக்கமும், மெட்டா மினுமினுப்பா, அடிப்பூச்சு எது, எத்தனை பூச்சு, எத்தனை லீட்டர். ஒவ்வொன்றுக்கும் அதே தரத்தில் இன்னொரு கம்பனியின் சாமானையும் எழுதித் தரவேண்டும். அப்போதுதான் இரண்டு கடையில் விலை கேட்கலாம்.

4. மாதிரி பார்க்காமல் மொத்தமாக வாங்குவதில்லை. ஒரு லீட்டர் வாங்கி, 2 அடிக்கு 2 அடி அளவில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டில் இரு பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பின் காலை, பின்னேரம், இரவு என ஒரு நாள் முழுதும் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்ததும் மாறும்.

5. மாதிரி பிடிக்காவிட்டால் எத்தனை தடவை மாற்றித் தருவார்.

6. பணம் எப்போது. பாதி முதல் வருகையில், மீதி மாதிரி முடிவானதும் என்பது இருவருக்கும் நியாயமானது. முடிந்த வேலைக்குக் கூலியை இழுத்தடிப்பதும் அநியாயமே. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கும்படி ஏவப்பட்டவர்கள் நாம்.

சாமானை உங்கள் பெயரில் பற்றுச்சீட்டோடு நீங்களே வாங்குங்கள். மெஷின் ஒட்டும் இலக்கச் சீட்டைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஒரே நிறத்தில் பல வாளிகள் வாங்கினால், அடிக்கும் முன் அவற்றைப் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலக்கும்படி பாஸிடம் சொல்லுங்கள். வாளிக்கு வாளி சிறு வித்தியாசம் வரலாம், அது சுவரின் நடுவில்தான் தெரியும். பிரச்சினை வந்து பேசித் தீராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டும் எழுத்தும் இல்லாதவர் அங்கே வெறுங்கையோடுதான் பேசவேண்டும்.

இன்னுமொன்று. கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்து நிறம் சொல்பவரிடம் கவனமாக இருங்கள். கெமரா வெளிச்சத்தைத் தானே திருத்திக்கொள்ளும். அது காட்டும் நிறம் உங்கள் சுவரின் நிறமல்ல. கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைக்கச் செலவு கூடும் என்றால், ஊரில் வேலை தொடங்கவிருக்கும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்துச் செலவைப் பகிரலாம்.

எப்போது தேவையில்லை?

எல்லோருக்கும் ஆலோசகர் தேவையில்லை. இரண்டு அறையுள்ள வீடு, முழுவதும் வெள்ளை அல்லது இளம் கிறீம் நிறம் என்றால் மாதிரிப் பூச்சு ஒன்றே போதும். கூரை ஒழுகுகின்ற வீட்டில் முதல் ரூபா கூரைக்குப் போகவேண்டும். பீலி இல்லாத வீட்டில் இரண்டாவது ரூபா பீலிக்குப் போகவேண்டும். கடன் வாங்கி நிறம் மாற்றுவது வீண்விரயத்தின் எல்லைக்குள் வரும். பெரிய வீடு, கடை, மண்டபம், வெளிச்சம் குறைந்த அறைகள், அல்லது ஏற்கனவே ஒரு தடவை பிழைத்துப்போன இடம் என்றால் கட்டணம் வீண்போகாது.

நிறம் பற்றி முதலில் மஷூரா செய்ய வேண்டியது வீட்டுக்குள். பகல் முழுவதும் அந்தச் சுவர்களுக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் நமது வீட்டுப் பெண்களே. உம்மாவின் பார்வை மங்கியிருந்தால் படிக்கட்டுக்கும் சுவருக்கும் வேறுபட்ட நிறம் வேண்டும். இதை எந்த ஆலோசகரும் கேட்காமல் அறியமாட்டார்.

இத்துறைக்கு வர விரும்பும் இளையோருக்கு

இதை ஒரு தொழில் வாய்ப்பாகவும் பார்க்க வேண்டும். நமது சமூகத்தில் ஹாட்வெயார் வியாபாரத்தில் இருப்பவர்கள் பலர். சித்திரம் நன்கு வரும் பிள்ளைகளும் பலர். இரண்டையும் இணைக்க யாரும் இல்லை. குறிப்பாக, வீட்டுக்குள்ளே வந்து அறைகளைப் பார்க்க வேண்டிய இவ்வேலையை ஒரு பெண் செய்தால் வீட்டுப் பெண்கள் தயக்கமின்றிப் பேசுவார்கள். வேண்டிய முதலீடு சில கம்பனிகளின் வர்ணப் பட்டியல்கள், அளவு நாடா, மாதிரி அடித்துக் காட்டும் பலகைகள், பொறுமை. அனுபவமுள்ள பெயின்ட் பாஸ் ஒருவரோடு ஒரு வருடம் நடந்து சுவரைப் படித்துக்கொண்டால், அட்டையில் இல்லாத பாடம் கிடைக்கும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலோசகருக்கு ஒளித்துக் கொடுக்கும் தரகை நிறுத்தி, ‘எமது கடையில் ஆலோசனைக் கட்டணம் இவ்வளவு, 20 லீட்டருக்கு மேல் வாங்கினால் அதைக் கழிக்கிறோம்’ என்று பலகையில் எழுதிவிடுங்கள். வியாபாரம் குறையாது. ஊரில் பெயர் கூடும்.

எனது மச்சானின் வீட்டுச் சுவர் இன்னும் அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்த இளைஞரை அவர் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. கடந்த வருடம் அவரது தம்பி வீடு கட்டி முடித்தபோதும் செய்யவில்லை. நல்ல கைவேலை தெரிந்த ஒருவர், ஒருமுறை ஒளித்து வாங்கிய தரகுக்காக அந்தத் தெருவில் அடுத்தடுத்துக் கிடைத்திருக்க வேண்டிய வேலைகளை இழந்தார்.

ஆகவே வாசகர்களே, அடுத்த தடவை ஒருவர் வந்து “எனக்கு ஒன்றும் வேண்டாம், நிறம் மட்டும் சொல்கிறேன்” என்றால், தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அன்பாகக் கேளுங்கள்: “அப்படியானால் உங்களுக்குக் கூலி கொடுப்பது யார்?” அவர் தரும் பதிலைப் பொறுத்து அட்டையை விரிக்கச் சொல்லலாம்.

அமானிதம் பேணி வாங்கவும் விற்கவும், ஆலோசனை கேட்கவும் சொல்லவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக.